லேப்டாப் வீட்டு வைஃபையில் மறுபடி சேர மறுக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேற்று வரை மூடியைத் திறந்ததுமே தானாக வைஃபையில் சேர்ந்துகொண்ட லேப்டாப், இன்று அதே ரூட்டருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு ‘கான்ட் கனெக்ட் டு திஸ் நெட்வொர்க்’ என்கிறது. அவசர வேலை இருக்கும் நாளில்தான் இது நடக்கும் என்பது போலவே தோன்றும். அந்தப் பதற்றத்தில் பலரும் கண்ணில் பட்ட செட்டிங்கை எல்லாம் மாற்றிப் பார்க்கிறார்கள். கடைசியில் ரூட்டரின் பின்பக்கத்துச் சின்னத் துளையில் ஊசியை விட்டு ரீசெட் பண்ணிவிடுகிறார்கள். அப்போது லேப்டாப்போடு சேர்த்து வீட்டில் உள்ள எல்லோருக்கும் நெட் போய்விடுகிறது.

எதையும் மாற்றுவதற்கு முன்னால், இணைப்பு எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும். அப்புறம் ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றுங்கள். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த வழியில்தான் போகின்றன. பெரும்பாலும் விண்டோஸ் 10, 11 பற்றியே சொல்லியிருக்கிறேன். மேக், லினக்ஸ் பற்றிப் பின்னால் வருகிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் எதைப் பார்ப்பது?

உங்கள் மொபைலை எடுங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வீட்டு வைஃபையில் மட்டும் வைத்து, இதுவரை திறக்காத ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். டேட்டாவை அணைப்பதுதான் இதில் முக்கியம். வைஃபையில் நெட் வராதபோது பல மொபைல்கள் சத்தமில்லாமல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும். பக்கம் திறக்கிறதே, வைஃபை நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்து லேப்டாப்பைக் குடைந்துகொண்டே இருப்போம். பழைய பக்கத்தைத் திறந்தாலும் ஏமாறலாம், அது சேமித்து வைத்த பக்கமாக இருக்கலாம்.

மொபைலில் பக்கம் திறந்தால் ரூட்டரும் வெளியே போகும் லைனும் சரி; சிக்கல் லேப்டாப்புக்கும் ரூட்டருக்கும் நடுவில். மொபைல் வைஃபையில் சேர்கிறது, ஆனால் பக்கம் திறக்கவில்லை என்றால் லேப்டாப்பைத் தொடவே வேண்டாம். ரூட்டரின் விளக்குகளைப் பாருங்கள். ஃபைபர் இணைப்பு என்றால் ‘லாஸ்’ என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிவதோ மின்னுவதோ கேபிளில் ஒளி வரவில்லை என்பதைக் காட்டும். அதை உங்கள் இணைய நிறுவனம்தான் சரிசெய்ய வேண்டும்.

மொபைல் நன்றாக வேலை செய்கிறது, லேப்டாப் மட்டும் இல்லை என்றால் மூன்று நிலைகள் உண்டு: வைஃபையின் பெயரே தெரியவில்லை; பெயர் தெரிகிறது, சேர மறுக்கிறது; சேர்ந்துவிட்டது, ஆனால் நெட் இல்லை. உங்களுடையது எது என்று பார்த்துக்கொண்டு, அதற்கான பதிலுக்குப் போங்கள்.

எந்த வைஃபை பெயரும் தெரியவில்லை. வைஃபை பட்டனே காணோம்.

முதலில் ஏரோப்ளேன் மோடு. கீபோர்டின் மேல் வரிசையில் விமானம் அல்லது சின்ன கோபுரம் போட்ட ஒரு பட்டன் இருக்கும். தூசி துடைக்கும்போது கை பட்டாலே போதும். சில பழைய லேப்டாப்களில் பக்கவாட்டில் தள்ளும் சுவிட்ச் ஒன்று இருக்கும், அதையும் தடவிப் பாருங்கள்.

அதுவும் சரியாக இருந்தால், ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து ‘டிவைஸ் மேனேஜர்’ திறந்து, ‘நெட்வொர்க் அடாப்டர்ஸ்’ என்ற வரியை விரியுங்கள். லேப்டாப்புக்குள் வைஃபை சிக்னலைப் பிடிக்கும் பாகமான வைஃபை கார்டின் பெயர் அங்கே இருக்க வேண்டும். பெயரில் ‘வயர்லெஸ்’, ‘வைஃபை’, ‘802.11’ இவற்றில் ஏதாவது வரும். கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் யாரோ டிஸேபிள் செய்திருக்கிறார்கள். ரைட் கிளிக் செய்து எனேபிள் கொடுங்கள். மஞ்சள் முக்கோணம் இருந்தால் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், தடுமாறுகிறது. ‘அன்இன்ஸ்டால் டிவைஸ்’ கொடுத்துவிட்டு லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள், விண்டோஸே மறுபடி கண்டுபிடித்துப் போட்டுக்கொள்ளும். அப்போது டிரைவரையும் அழிக்கவா என்று ஒரு சின்னக் கட்டம் கேட்கும். அதில் டிக் போடாதீர்கள். டிரைவரும் அழிந்து, நெட்டும் இல்லாமல் இருந்தால் புது டிரைவரை இறக்குவது பெரும்பாடு.

கார்டின் பெயரே பட்டியலில் இல்லையா? லேப்டாப்பை முழுதாக அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அப்புறம் சார்ஜரை மாட்டி ஆன் செய்யுங்கள். உள்ளே தங்கிய மின்சாரம் வடிந்து, மாட்டிக்கொண்ட கார்டு புதிதாகத் தொடங்கும். காணாமல் போன கார்டு இதனாலேயே திரும்பி வருவது சகஜம். பேட்டரி கழற்றும்படி இருந்தால் அதையும் கழற்றிக்கொள்ளுங்கள்.

கார்டு இருக்கிறது, மஞ்சள் குறியும் இல்லை, ஆனால் பட்டியல் காலி என்றால் ‘சர்வீசஸ்’ என்று தேடித் திறந்து, ‘டபிள்யூலான் ஆட்டோகான்ஃபிக்’ ஓடுகிறதா பாருங்கள். வைஃபை பெயர்களைத் தேடுவதும் தானாகச் சேர்வதும் அந்தச் சேவையின் வேலை. ‘லேப்டாப்பை வேகமாக்குகிறேன்’ என்று சொல்லும் சில மென்பொருள்கள் இதை நிறுத்திவிடும்.

பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் தெரிகிறது. என் வைஃபை மட்டும் தெரியவில்லை.

இது கொஞ்சம் சுவாரசியமான சிக்கல். கார்டு உயிரோடு இருக்கிறது, ரூட்டரும் உயிரோடு இருக்கிறது. ஆனால் ஒன்று பேசுவது மற்றதற்குக் கேட்கவில்லை. காரணங்கள் பல உண்டு.

வீட்டு வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் ஓடும். பழைய லேப்டாப்கள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். ரூட்டரில் 2.4 அணைக்கப்பட்டு 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஓடினால், புது மொபைலுக்குத் தெரியும், பழைய லேப்டாப்புக்குத் தெரியாது. ரூட்டரின் செட்டிங்கில் 2.4-ஐ ஆன் செய்தால் போதும் (அதற்குள் போகும் முகவரி கீழே ‘நோ இன்டர்நெட்’ பதிலில் இருக்கிறது).

அடுத்தது சேனல், அதாவது ஓர் அலைவரிசைக்குள் இருக்கும் சின்னச் சின்னப் பாதைகள். 2.4 கிகாஹெர்ட்ஸில் பல நாடுகளில் 13 சேனல் வரை உண்டு, சில நாடுகளில் 11 வரைதான். 11 வரை மட்டும் கேட்கும்படி அமைக்கப்பட்ட கார்டு, ரூட்டர் 12-க்கோ 13-க்கோ போய்விட்டால் அதைப் பார்க்காது. சேனலை ‘ஆட்டோ’வில் விட்டிருந்தால் இது திடீரென்று ஒருநாள் நடக்கும், நேற்று இருந்த வைஃபை இன்று காணோம் என்பதற்கு இது ஒரு நல்ல காரணம். சேனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றாக நிறுத்தி வையுங்கள்.

5 கிகாஹெர்ட்ஸில் வேறொரு கதை. 52 முதல் 144 வரையிலான சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. அதனால் அந்தச் சேனல்களில் ஒலிபரப்பத் தொடங்கும் முன் ரூட்டர் 60 விநாடியாவது சும்மா இருந்து, ரேடார் சத்தம் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது விதி. வானிலை ரேடார் இருக்கும் சில சேனல்களில், ஐரோப்பா போன்ற இடங்களில் இந்தக் காத்திருப்பு 10 நிமிடம். ரூட்டரை ரீஸ்டார்ட் செய்த உடனே 5 கிகாஹெர்ட்ஸ் பெயரைத் தேடிவிட்டு ‘போச்சு’ என்று முடிவுகட்டுகிறவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். கொஞ்சம் பொறுங்கள். பொறுமை இல்லையென்றால் சேனலை 36, 40, 44, 48 இவற்றில் ஒன்றாக வைத்துவிடுங்கள், அங்கே இந்தக் காத்திருப்பு இல்லை.

வைஃபை 6 ரூட்டர் வாங்கியிருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். பழைய டிரைவரோடு இருக்கும் சில இன்டெல் கார்டுகளுக்கு வைஃபை 6 நெட்வொர்க்கின் பெயரே பட்டியலில் வராது. கார்டில் குறை எதுவும் இல்லை, டிரைவரைப் புதுப்பித்தால் தெரியத் தொடங்கும். டிரைவர் கிடைக்கும் வரை ரூட்டரில் வைஃபை 6 முறையை, அதாவது 802.11 ஏஎக்ஸ் என்பதை, தற்காலிகமாக அணைத்து வைக்கலாம்.

பெயரை மறைத்து வைத்திருக்கிறீர்களா? பாதுகாப்பு கூடும் என்று சிலர் அப்படிச் செய்கிறார்கள். பெயரை மறைத்தாலும் அதைத் தேடத் தெரிந்தவருக்கு எளிதில் கிடைத்துவிடும், தொல்லை உங்களுக்குத்தான். மறைப்பை எடுத்துவிட்டு நல்ல பாஸ்வேர்ட் வையுங்கள்.

பெயர் தெரிகிறது. பாஸ்வேர்டும் சரிதான். ஆனாலும் சேர மறுக்கிறது.

லேப்டாப் பாஸ்வேர்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அந்த நெட்வொர்க் எந்தப் பாதுகாப்பு முறையில் இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் குறித்து வைக்கிறது. ரூட்டரில் இவற்றில் ஏதாவது மாறி, பெயர் மட்டும் அப்படியே இருந்தால், பழைய குறிப்பை வைத்துக்கொண்டே லேப்டாப் முட்டிக்கொண்டிருக்கும். அந்தக் குறிப்பை அழிப்பதுதான் ‘ஃபர்கெட்’. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ் என்று போய் உங்கள் பெயருக்கு எதிரே ஃபர்கெட் கொடுங்கள். அப்புறம் புதிதாகப் பாஸ்வேர்ட் அடித்துச் சேருங்கள். ‘மறுபடி இணைய மாட்டேன்’ என்று அடம்பிடிக்கும் லேப்டாப்களில் முதலில் இதைத்தான் செய்து பார்க்கச் சொல்வேன்.

ஒன்று, ஃபர்கெட் கொடுப்பதற்கு முன் பாஸ்வேர்ட் கையில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பின் வந்த மொபைலில், வைஃபை பெயரைத் தொட்டு ‘ஷேர்’ கொடுத்தால் க்யூஆர் கோடு வரும். பல மொபைல்களில் அதற்குக் கீழேயே பாஸ்வேர்டும் எழுத்தில் இருக்கும். ஐஃபோனில் ஐஓஎஸ் 16 முதல் வைஃபை செட்டிங்கிலேயே பார்க்கலாம்.

ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து அடிக்கிறீர்கள் என்றால் வெளிச்சத்தில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். அந்தப் பொடி எழுத்தில் பூஜ்யமும் ஆங்கில ‘ஓ’வும் ஒன்றுபோல இருக்கும், ஒன்று என்ற எண்ணும், சிறிய ‘எல்’லும், பெரிய ‘ஐ’யும் மூன்றும் ஒரே கோடாகத் தெரியும், எட்டும் ‘பி’யும் குழப்பும். மொபைலில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது நல்லது. அதே ஸ்டிக்கரில் ரூட்டருக்குள் நுழைவதற்கான அட்மின் பாஸ்வேர்டும் இருக்கும், அதை எடுத்து வைஃபைக்குப் போடுகிறவர்கள் நிறைய பேர். வைஃபை பாஸ்வேர்ட் குறைந்தது 8 எழுத்தாவது இருக்கும். நீங்கள் அடிப்பது அதைவிடச் சிறியது என்றால் நிச்சயமாக வேறு எதையோ அடிக்கிறீர்கள்.

அடிக்கும்போது கட்டத்தின் ஓரத்தில் உள்ள கண் குறியை அழுத்தி, எழுத்துகளைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அடியுங்கள். கேப்ஸ் லாக் விழுந்திருப்பது, கீபோர்டு வேறு மொழிக்கு மாறியிருப்பது எல்லாம் அப்போதுதான் தெரியும். தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

ரூட்டரை மாற்றினோம். பழைய பெயர், பழைய பாஸ்வேர்டுதான். மொபைல்கள் சேர்ந்துவிட்டன, பழைய லேப்டாப் மட்டும் சேரவில்லை.

அநேகமாகப் பாதுகாப்பு முறைதான் காரணம். டபிள்யூபிஏ2 என்பது 2004-இல் வந்தது, டபிள்யூபிஏ3 என்பது 2018-இல். புது ரூட்டர்களில் சில டபிள்யூபிஏ3-ஐ மட்டும் வைத்துக்கொண்டு வருகின்றன. பழைய கார்டுக்கு அது புரியாது. ‘கான்ட் கனெக்ட்’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடும், காரணத்தைச் சொல்லாது.

எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படித்தான் மாட்டிக்கொண்டார். நல்ல நிலையில் இருந்த பழைய லேப்டாப். ‘கார்டு போய்விட்டது, மாற்ற வேண்டும்’ என்று சொல்லிவிட்டார்கள். மொபைலில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்ததும் அந்த லேப்டாப் உடனே சேர்ந்துகொண்டது. ஹாட்ஸ்பாட்டில் சேர்கிற கார்டு எப்படிப் போயிருக்கும்? ரூட்டரின் பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2-க்கு மாற்றி, லேப்டாப்பில் ஃபர்கெட் கொடுத்ததும் வீட்டு வைஃபையிலும் சேர்ந்துவிட்டது. கார்டில் காசு செலவழிக்கும் முன் இந்த ஹாட்ஸ்பாட் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்.

ரூட்டரில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறை ஒன்றும் இருக்கும். அதுவே பெரும்பாலும் போதும். ஆனால் சில பழைய கார்டுகள் கலப்பு முறையிலும் தடுமாறும். அப்போது டபிள்யூபிஏ2 மட்டும், ஏஇஎஸ் குறியாக்கத்தோடு வையுங்கள். கெஸ்ட் நெட்வொர்க் வசதி இருந்தால் அதை மட்டும் டபிள்யூபிஏ2-இல் வைத்து பழைய லேப்டாப்பை அங்கே சேர்ப்பது இன்னும் நல்ல வழி, மற்றவர்களுக்கு டபிள்யூபிஏ3 அப்படியே இருக்கும். ஆனால் எந்தக் காரணத்துக்காகவும் டபிள்யூஇபி என்ற மிகப் பழைய முறைக்கோ பாஸ்வேர்டே இல்லாத முறைக்கோ இறங்காதீர்கள். டபிள்யூஇபி உடைபட்டுப் பல வருடங்கள் ஆகின்றன.

‘நோ இன்டர்நெட், செக்யூர்ட்’ என்று வருகிறது. சேர்ந்துவிட்டதா இல்லையா?

சேர்ந்துவிட்டது. அதாவது ரூட்டர் வரைக்கும் பாதை திறந்திருக்கிறது. வைஃபையில் சேர்ந்தவுடன் விண்டோஸ், மைக்ரோசாஃப்டின் ஒரு சோதனை முகவரியிலிருந்து ஒரு குட்டி எழுத்துக் கோப்பை எடுத்துவரப் பார்க்கும். அது கிடைக்கவில்லை என்றால் நெட் இல்லை என்று எழுதிவிடும். அதனால் சில நேரம் இந்த எச்சரிக்கை இருந்தும் பக்கங்கள் திறக்கும். முதலில் திறந்து பாருங்கள்.

திறக்கவில்லையென்றால் பிரவுசரின் முகவரிப் பட்டையில் ரூட்டரின் எண்ணை அடியுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ஸ்டிக்கரில் இருக்கும். ரூட்டரின் லாகின் பக்கம் வந்தால், லேப்டாப்பிலிருந்து ரூட்டர் வரை எல்லாம் சரி, அதற்கு அப்பால்தான் ஏதோ தடுக்கிறது. வரவில்லையென்றால் லேப்டாப்புக்கு ஐபி முகவரி சரியாகக் கிடைக்கவில்லை; அடுத்த கேள்விக்குப் போங்கள்.

லாகின் பக்கம் வருகிறது, மொபைலில் நெட் இருக்கிறது, லேப்டாப்பில் மட்டும் இல்லை என்றால் முதல் சந்தேகம் விபிஎன் மீதுதான், அதாவது உங்கள் நெட்டை வேறொரு சர்வர் வழியாக மறைத்து அனுப்பும் செயலி மீது. விபிஎன் செயலிகளில் பல, இணைப்பு அறுந்தால் மொத்த நெட்டையும் பூட்டிவிடும் வசதியோடு வருகின்றன. விபிஎன் நின்றுபோய், பூட்டு மட்டும் அப்படியே இருக்கும். அதைத் திறந்து முறையாக அணையுங்கள், தேவைப்பட்டால் நீக்கிப் பாருங்கள். அப்படியே செட்டிங்ஸில், நெட்டை இடையில் ஒரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் ‘ப்ராக்ஸி’ பக்கத்தில் ‘மேனுவல்’ ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்; நீங்கள் வைக்காத ப்ராக்ஸி அங்கே இருந்தால் அணைத்துவிட்டு, ஒரு வைரஸ் ஸ்கேனும் ஓட்டுங்கள்.

அடுத்து டிஎன்எஸ். பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும் சேவை அது. யாராவது முன்பு கையால் போட்ட டிஎன்எஸ் எண் இப்போது வேலை செய்யாமல் இருக்கலாம். வைஃபை ப்ராப்பர்ட்டீஸில் ‘டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட்’ என்பதை ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்குங்கள். அப்போதும் இல்லையென்றால் கூகுளின் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 போட்டுப் பாருங்கள்.

கடைசியாக, மூலையில் உள்ள தேதியையும் நேரத்தையும் பாருங்கள். நீண்ட நாள் சும்மா கிடந்த லேப்டாப்பில் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்து, தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். அப்போது பாதுகாப்பான தளங்களின் சான்றிதழ்கள் எல்லாம் செல்லாது என்று பிரவுசர் முடிவு செய்துவிடும். வைஃபை சரி, நெட் சரி, ஆனால் எந்தப் பக்கமும் திறக்காது. தேதியைத் திருத்தியதும் சரியாகிவிடும்.

ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறது. அது என்ன?

சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ரூட்டர் ஓர் எண் கொடுக்க வேண்டும். பயணிக்கு டிக்கெட் கிழித்துக் கொடுக்கும் கண்டக்டர் மாதிரி, அந்த வேலையைச் செய்யும் பகுதிக்கு டிஎச்சிபி என்று பெயர். கேட்டுக் கேட்டுப் பதில் வராமல் போனால் விண்டோஸ் தானாகவே 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணைப் போட்டுக்கொள்ளும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு வெளியே எங்கும் போக முடியாது.

வைஃபை ப்ராப்பர்ட்டீஸின் அடிப்பகுதியில் ‘ஐபிவி4 அட்ரஸ்’ என்ற வரியில் இதைப் பார்க்கலாம். 169.254 இருந்தால், வைஃபையை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். போகவில்லையென்றால் ரூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். கொடுக்க வைத்திருக்கும் எண்கள் எல்லாம் தீர்ந்துபோனாலும் இப்படி ஆகும். டிவி, கேமரா, விளக்கு, விருந்தினர் மொபைல் என்று கருவிகள் கூடிய வீடுகளில், ரூட்டர் கொடுக்கும் எண்களின் வரம்பு சிறியதாக வைக்கப்பட்டிருந்தால் கடைசியாக வருகிற லேப்டாப் வெறுங்கையோடு நிற்கும். ரூட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் அந்த வரம்பைக் கூட்டலாம்.

முன்பு யாராவது லேப்டாப்பில் ஐபி எண்ணைக் கையால் நிலையாகப் போட்டிருந்தால், ரூட்டர் மாறியதும் அது பொருந்தாமல் போகும். ‘ஐபி அசைன்மென்ட்’ என்பதை ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்கிவிடுங்கள்.

தூங்கவைத்து எழுப்பினால் மட்டும் வைஃபை திரும்புவதில்லை.

பேட்டரியை மிச்சப்படுத்த விண்டோஸ் வைஃபை கார்டை அணைத்துவிடுகிறது. எழுப்பும்போது கார்டு எழுந்திருப்பதில்லை. டிவைஸ் மேனேஜரில் கார்டின் ப்ராப்பர்ட்டீஸ் திறந்து, ‘பவர் மேனேஜ்மென்ட்’ தாவலில் மின்சாரம் மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். புது லேப்டாப் சிலவற்றில் அந்தத் தாவலே இருக்காது. அங்கே லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து புது டிரைவரையும், லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் உள் மென்பொருளான பயாஸுக்கான அப்டேட்டையும் போடுவதுதான் வழி.

வைஃபை பட்டியலில் ‘கனெக்ட் ஆட்டோமேட்டிக்கலி’ என்ற டிக் இருக்கிறதா என்றும் பாருங்கள். நீங்களே ஒருமுறை டிஸ்கனெக்ட் கொடுத்திருந்தால், நீங்கள் திரும்பச் சேர்க்கும் வரை விண்டோஸ் தானாகச் சேராமல் இருக்கலாம்.

தினமும் ஷட் டவுன் செய்துதான் போடுகிறேன். அதற்கு மேல் ரீஸ்டார்ட் எதற்கு?

விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ ஆன் ஆகியிருந்தால் ஷட் டவுன் என்பது முழு ஷட் டவுன் ஆகாது. உள்ளே ஓடும் முக்கியப் பகுதியும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் எழுதி வைக்கப்பட்டு, மறுநாள் அப்படியே எழுப்பப்படும். டிரைவர் தடுமாறிய நிலையில் இருந்தால் அந்தத் தடுமாற்றமும் அப்படியே திரும்பி வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஷிஃப்ட் பட்டனைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தாலும் முழுதாக அணையும்.

விண்டோஸ் அப்டேட் ஆனதிலிருந்துதான் இப்படி.

டிவைஸ் மேனேஜரில் கார்டின் ப்ராப்பர்ட்டீஸ், ‘டிரைவர்’ தாவல், ‘ரோல் பேக் டிரைவர்’. பட்டன் மங்கலாக இருந்தால் பழைய டிரைவர் சேமிப்பில் இல்லை. லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கான டிரைவரை இறக்கிப் போடுங்கள். நெட் இல்லாமல் எப்படி இறக்குவது? மொபைலை யுஎஸ்பி கேபிளால் லேப்டாப்பில் மாட்டி ‘யுஎஸ்பி டெதரிங்’ ஆன் செய்தால், வைஃபை கார்டு இல்லாமலே லேப்டாப்புக்கு நெட் வரும். டிரைவர் தேடித்தரும் மூன்றாம் தரப்பு மென்பொருள்களை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள்.

நெட்வொர்க் ரீசெட் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் மேலே உள்ளவற்றைப் பார்த்த பிறகு. செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ், நெட்வொர்க் ரீசெட். கொடுத்த ஐந்து நிமிடத்தில் லேப்டாப் ரீஸ்டார்ட் ஆகும். திறந்து வைத்த வேலைகளைச் சேமித்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க் கார்டுகள் நீக்கப்பட்டுப் புதிதாகப் போடப்படும். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள், விபிஎன் அமைப்புகள் போய்விடும். உங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

ரூட்டரை ரீஸ்டார்ட் செய்வதும் ரீசெட் செய்வதும் ஒன்றா?

இல்லை. ரீஸ்டார்ட் என்றால் பிளக்கைப் பிடுங்கி, அரை நிமிடம் விட்டு, திரும்ப மாட்டுவது. எவ்வளவு முறை வேண்டுமானாலும் செய்யலாம். ரீசெட் என்றால் ஊசித் துளையைப் பல விநாடி அழுத்திப் பிடிப்பது. அதில் வைஃபை பெயர், பாஸ்வேர்ட் போவதோடு, இணைய நிறுவனம் உள்ளே போட்டு வைத்திருக்கும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும்கூட அழியக்கூடும். அந்த விவரங்கள் உங்களிடம் எழுத்தில் இல்லையென்றால், நிறுவனத்துக்குப் போன் போட்டு அவர்கள் வரும் வரை வீடு முழுக்க நெட் இருக்காது. ஒரே ஒரு லேப்டாப்புக்காக இதைச் செய்யவே கூடாது.

ரூட்டரே என் லேப்டாப்பைத் தடுக்கிறதா?

நடக்கும். ரூட்டரில் ‘மேக் ஃபில்டர்’, ‘பேரன்டல் கன்ட்ரோல்’ என்று பட்டியல்கள் இருக்கும். ஒவ்வொரு கார்டுக்கும் உள்ள தனி வன்பொருள் எண்ணை வைத்து அனுமதிப்பதும் தடுப்பதும் அங்கேதான். லேப்டாப்பில் ‘ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸஸ்’ ஆன் ஆகியிருந்தால் அந்த எண் மாறிவிடும். அனுமதிப் பட்டியலில் இருந்த லேப்டாப்பை ரூட்டர் புது ஆளாகப் பார்த்து வெளியே நிறுத்தும். வீட்டு வைஃபைக்கு மட்டும் அதை அணைத்து வைக்கலாம்.

சேர்கிறது, அறுகிறது, மறுபடி சேர்கிறது.

2.4 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் சுற்றி என்ன ஓடுகிறது என்று பாருங்கள். மைக்ரோவேவ் அடுப்பு அதே அலைவரிசையை ஒட்டித்தான் வேலை செய்கிறது. அதைவிட, லேப்டாப்பில் நேராகச் செருகிய யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க், ஹப் போன்றவை பலர் நினைத்துப் பார்க்காத காரணம், அவை 2.4-இல் இரைச்சலைக் கிளப்பும் என்று இன்டெல் 2012-லேயே விளக்கி எழுதியிருக்கிறது. டிஸ்க்கைப் பிடுங்கியதும் வைஃபை நிலைக்கிறது என்றால் காரணம் தெரிந்துவிட்டது. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், அல்லது நீளமான கேபிளில் டிஸ்க்கைத் தள்ளி வையுங்கள்.

மேக்கிலும் லினக்ஸிலும்?

யோசனை அதேதான், இடங்கள் வேறு. மேக்கில் ஆப்ஷன் பட்டனைப் பிடித்துக்கொண்டு மேலே உள்ள வைஃபை குறியைக் கிளிக் செய்தால் சேனல், பாதுகாப்பு முறை, ஐபி முகவரி எல்லாம் ஒரே இடத்தில் தெரியும். சிஸ்டம் செட்டிங்ஸ், வைஃபை, டீடெயில்ஸ் என்று போனால் ஃபர்கெட் கொடுக்கவும், ‘ரின்யூ டிஎச்சிபி லீஸ்’ கொடுத்துப் புது எண் கேட்கவும் முடியும். லினக்ஸில் நெட்வொர்க் பட்டியலில் பழைய இணைப்பை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேருங்கள். வைஃபை ஆன் ஆகவே இல்லையென்றால் ‘ஆர்எஃப்கில்’ என்ற கருவி, தடுப்பது மென்பொருளா சுவிட்சா என்று சொல்லிவிடும்.

அலுவலக லேப்டாப் என்றால்?

அலுவலகம் போட்ட பாதுகாப்பு விதிகள் வீட்டு வைஃபையைத் தடுக்கலாம். டிரைவரை நீக்குவது, ரீசெட் கொடுப்பது எதையும் செய்யாமல் ஐடி பிரிவைக் கேளுங்கள். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் சேர்கிறதா இல்லையா என்பதை மட்டும் பார்த்து வைத்துச் சொன்னால் அவர்கள் வேலை பாதியாகும்.

எல்லாம் பார்த்தாயிற்று. கார்டுதான் போய்விட்டது என்று எப்படி உறுதி செய்வது?

வீட்டு வைஃபையிலும் மொபைல் ஹாட்ஸ்பாட்டிலும் சேரவில்லை, ரூட்டரை ஒட்டி வைத்தாலும் சிக்னல் ஒரு கோடுதான், டிவைஸ் மேனேஜரில் கார்டு வருவதும் போவதுமாக இருக்கிறது என்றால் சந்தேகம் வலுக்கிறது. லேப்டாப் கீழே விழுந்த பிறகோ, திறந்து சர்வீஸ் செய்த பிறகோ தொடங்கியிருந்தால், கார்டில் செருகும் மெல்லிய ஆன்டெனா கம்பி கழன்றிருக்கவும் வாய்ப்பு உண்டு. சர்வீஸில் கொடுக்கும்போது முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் லினக்ஸ் போட்ட ஒரு பென் டிரைவிலிருந்து லேப்டாப்பைத் தொடங்கிப் பாருங்கள். அங்கே வைஃபை சேர்ந்தால் கார்டு நலம், கோளாறு விண்டோஸில். அங்கேயும் சேரவில்லையென்றால், யாரிடமாவது ஒரு யுஎஸ்பி வைஃபை அடாப்டரைக் கடன் வாங்கிச் செருகிப் பார்க்கலாம். அதில் நெட் வந்துவிட்டால் கார்டை மாற்றும் வரை அதையே வைத்து ஓட்டலாம். ரூட்டர் பக்கத்திலேயே உட்கார முடியும் என்றால் ஒரு லேன் கேபிள் போதும்.

கார்டு மாற்றும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். சில லேப்டாப்களில் கார்டு போர்டோடு சேர்த்துச் சாலிடர் செய்யப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. சில நிறுவனங்களின் பழைய மாடல்களில், அவர்கள் பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால் லேப்டாப் தொடங்கவே மறுக்கும். மாடல் எண்ணைச் சொல்லி, எந்தக் கார்டு பொருந்தும் என்று தெரிந்துகொண்ட பிறகே வாங்குங்கள்.